சாவிக்கட்டை

பொன்னுத்தங்கம் மூன்றாவது தடவையாகச் சரத்தைத் தப்பாகப் பின்னிவிட்டு அவிழ்த்தாள். இருபது வருஷமாகச் சரவெடி பின்னுகிற விரல்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் வெடிகளை நூலில் கோத்து, இழுத்து, முடிச்சுப் போட்டுவிடும். அந்த விரல்களுக்கு அன்றைக்கு ஒரு குறையுமில்லை, வினை வேறிடத்தில் இருந்தது. இரண்டு முழங்காலையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, ரப்பர் பாயில் ஒருக்களித்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து மெல்ல விட்டாள். அடிவயிற்றில் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. ஒன்றுக்குப் போக வேண்டும். போனால் நாலு சொட்டு வரும். அந்த நாலு சொட்டும் மிளகாய் அரைத்த கையை வைத்ததுபோல எரியும். பல்லைக் கடித்துப் பொறுத்துத் திரும்பி வந்து உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் மறுபடியும் போக வேண்டும். மூன்று நாளாக இதே கூத்து.

போக வேண்டியதுதானே, இதற்கென்ன வியாக்கியானம் என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் வந்து பார்த்ததில்லை. அங்கே ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் இடையில் நல்ல தூரம் விட்டிருப்பார்கள், ஒன்று வெடித்தால் மற்றதாவது மிஞ்சட்டும் என்று. பொன்னுத்தங்கத்தின் ரூம் கடைசி ரூம். சரம் பின்னுகிற பெண்கள் ஒன்பது ரூமில் முப்பத்தாறு பேர். அத்தனை பேருக்கும் கேட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு கக்கூஸ். சும்மா சொல்லக்கூடாது, வெள்ளை டைல்ஸ் ஒட்டி, நீலக் கதவு போட்டு, கல்யாண வீட்டு மணவறை மாதிரி இருக்கும். இன்ஸ்பெக்டர் கேட்கிறார் என்று கட்டியது. இன்ஸ்பெக்டர் எந்த நாளில் வருவார் என்று தெரியாது, ஆகையால் எந்த நாளும் அது சுத்தமாக இருக்க வேண்டும். எந்த நாளும் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் அதற்குள் ஆள் போகக் கூடாது. ஃபோர்மேன் சீனிவாசகத்தின் மூளை இப்படித்தான் ஓடியது. பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

சாவி ஒருதடவை தொலைந்துபோனது. அதற்குப் பிறகு ஒரு முழ நீளத்துக்கு வேப்பங்கட்டை ஒன்றை அறுத்து, ஒரு முனையில் ஓட்டை போட்டுச் சாவியை அதில் கட்டிவிட்டார். கட்டையில் சிவப்புப் பெயிண்டால் ‘மகளீர்’ என்று எழுதியிருக்கும். எழுத்துப் பிழையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, கட்டையைப் பற்றித்தான் கவலை. போகிறவள் ஆபீசுக்குப் போய் எல்லார் முன்னாலும் “அண்ணாச்சி, சாவி” என்று கேட்டு வாங்கி, அந்தக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பேக்கிங் ஷெட்டைத் தாண்டி நடக்க வேண்டும். ஷெட்டில் முப்பது ஆம்பிளைகள் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். முந்தானைக்குள் மறைக்கவா முடியும் ஒரு முழக் கட்டையை? “ஏலே, கட்டை போகுதுலே” என்று ஒருத்தன் சொல்வான். அவன் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லைதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டபிறகு வருகிறதும் வராது.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். சொன்ன பெரியவர் பெண்பிள்ளையாகப் பிறந்து இந்தக் கம்பெனிக்கு ஒருநாள் வேலைக்கு வந்ததில்லை. இங்கே இரண்டையும் அடக்கித்தான் ஆக வேண்டும். பின்னுகிற சரத்துக்குத்தான் கூலி, எழுந்து போகிற நேரத்துக்கு இல்லை. ஆகவே பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் கஞ்சி குடித்துவிட்டு வேன் ஏறினால், மத்தியானம் சோற்றுக்குப் பிறகு தொண்டை நனைய ஒரு மடக்கு, அவ்வளவுதான். தூக்குவாளியோடு கொண்டுவருகிற பாட்டில் தண்ணீர் கை கழுவத்தான் ஆகும். புதிதாக வேலைக்கு வருகிறவளுக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தருகிற அன்றைக்கே இதையும் சொல்லித் தந்துவிடுவார்கள்.

இந்த எரிச்சலுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மருந்துச் சூடு. இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் வெடிக்குள் போடுகிற மருந்து. கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் நாள்பூராவும் மூக்கிலும் நகக்கண்ணிலும் ஏறுகிறதே, அந்தச் சூடு உடம்பில் இறங்கி அப்படித்தான் வெளியே வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதே ரூமில் பின்னுகிற அய்யம்மாள் இதில் பெரிய வைத்தியர். காலின் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை, மூன்று நாளில் இறங்கும் என்பாள். சில சமயம் இறங்கவும் செய்யும். இறங்காவிட்டால் சுண்ணாம்பு பத்தவில்லை என்பாள். பொன்னுத்தங்கத்தின் இரண்டு பெருவிரலும் அன்றைக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரிதான் இருந்தன.

அன்றைக்கு அவள் இரண்டாவது முறை சாவி கேட்கப் போனபோது சீனிவாசகம் நிமிர்ந்து பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, பெண்களைப் பேர் சொல்லி அதட்டக்கூட மாட்டார். “இப்பத்தானத்தா போயிட்டு வந்த?” என்று மட்டும் கேட்டார். ஆபீசில் பில் எழுதிக்கொண்டிருந்தவன் குனிந்து சிரித்தான். மூன்றாவது முறை அவள் போகவில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அழுகையை விழுங்கிக்கொண்டு, சரம் பின்னினாள்.

வீட்டுக்கு வந்ததும் குளிரெடுத்தது. புரட்டாசி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, இவள் மட்டும் இரண்டு சேலையைச் சுற்றிக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தாள். முதுகில், இடுப்புக்கு மேலே வலதுபக்கம், தொட முடியாத வலி. என்ன செய்கிறது என்று புருஷன் செல்லச்சாமி கேட்டதற்கு, பொம்பளை சமாச்சாரம் என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பொம்பளை சமாச்சாரம் என்று சொல்லிவிட்டால் எந்த ஆம்பிளையும் மறுகேள்வி கேட்கமாட்டான். செல்லச்சாமி விடியும்வரை கேட்காமல்தான் இருந்தான். விடிந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சமாச்சாரம் எதுவாக இருந்தாலும் ஆசுபத்திரியில் போய்ச் சொல்லு என்று பஸ் ஏற்றிவிட்டான்.

சர்க்கார் ஆசுபத்திரியில் பெண்களுக்கான சீட்டில் இருந்தது ஓர் இளவயசு டாக்டரம்மா. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பொன்னுத்தங்கம் மருந்துச் சூடு என்று சுற்றி வளைத்துச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, முதுகில் தட்டிப் பார்த்து, அவள் துள்ளியதையும் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

“இதுக்கு மருந்து ஏதாவது எடுத்தீங்களா?”

“நான் மருந்து எடுக்க மாட்டேம்மா. மருந்து எடுக்கிறது ஆம்பளைக. நான் சரம் பின்றவ.”

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பக்கத்தில் நின்ற நர்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, இந்த ஊரில் மருந்து என்றால் என்ன என்று விளங்கவைத்தாள். டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்தபிறகு, மருந்துச் சூடு என்கிற வார்த்தையை இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பரிசோதனை ரூமில் பானுப்பிரியா என்று ஒரு பெண். சாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றாள். பொன்னுத்தங்கம் போனாள், வெறும் டப்பாவோடு திரும்பி வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வெறும் டப்பா. உலகத்தில் இதைக்கூடச் செய்யத் தெரியாதவள் தான் ஒருத்திதானா என்று அவமானமாக இருந்தது. கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று பானுப்பிரியா கேட்டாள். யோசித்துப் பார்த்தால் நேற்று மத்தியானம் ஒரு மடக்கு. அந்தப் பெண் தன்னுடைய பாட்டிலை எடுத்துக் கொடுத்து, அது தீர்ந்ததும் நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்து, பெஞ்சில் உட்காரவைத்தாள். பொன்னுத்தங்கம் குடித்தாள். வயிறு குளுகுளுவென்று நிறைவதை உட்கார்ந்து கவனித்தாள். தண்ணீருக்கு இவ்வளவு ருசி உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்த டப்பாவில் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் கலங்கி, வரக்காப்பி நிறத்தில்.

“சீழ் இருக்குக்கா” என்றாள் பானுப்பிரியா, சீட்டை எழுதிக்கொண்டே.

பொன்னுத்தங்கத்துக்குச் சீழ் என்றால் புண்ணில் வைப்பது. முள் குத்தி, பழுத்து, கையில் காலில் வைப்பது. உடம்புக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அது எப்படி வைக்கும் என்று நின்றாள்.

டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். “இது சூடு இல்லம்மா, கிருமி. தண்ணி குடிக்காம, வர்றதையும் மணிக்கணக்கா அடக்கி வெச்சா அது உள்ளயே தங்கிப் பெருகிரும். எரிச்சல், அடிக்கடி வர்ற மாதிரி இருக்கிறது, கலங்கலா போறது, இதெல்லாம் அது குடுக்கற சத்தம். நீங்க கேக்கல. இப்ப குளிர்காய்ச்சல், முதுகுவலின்னா கிட்னிக்கு ஏறிட்டிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இருபது வருஷம். எத்தனை நாள், எத்தனை பேர், எத்தனை டப்பி சுண்ணாம்பு. சூடு என்றால் யார் என்ன செய்ய முடியும், வெயிலைத் திட்ட முடியுமா, மருந்தைத் திட்ட முடியுமா, சோறு போடுகிற தொழிலாயிற்றே என்று பொறுத்துக்கொண்டு கிடந்தாளே. இது சூடு இல்லை என்றால், பொறுத்ததெல்லாம் வீணா? நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. அந்த எரிச்சலுக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை.

ஊசி போட்டு, மூன்று நாளைக்கு வந்து காட்டச் சொல்லி, மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது நாளே எரிச்சல் நின்றுவிடும், நின்றுவிட்டதென்று மாத்திரையை மிச்சம் பிடிக்காமல் கடைசி மாத்திரைவரை போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. இந்த ஊர்க்காரர்கள் எதையும் மிச்சம் பிடிப்பார்கள் என்று மூன்று மாதத்திலேயே கண்டுகொண்டிருந்தார் போல. கழுவும்போது முன்னாலிருந்து பின்னாலாகத்தான் கழுவ வேண்டும் என்றார். ஈரத்தோடு இருக்கக் கூடாது. பவுடர் கையோடு போகாமல், போவதற்கு முன்னாலும் கை கழுவ வேண்டும். குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார், புருஷனோடு சேர்ந்தபிறகு எழுந்துபோய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்து படுக்க வேண்டும் என்று. அதைப் பொன்னுத்தங்கம் செல்லச்சாமியிடம் சொல்லவில்லை, செய்தாள், அவ்வளவுதான். மணிக்கொருதரம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குமேல் அடக்கக் கூடாது என்று அவர் முடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அதுக்குச் சாவி வேணும்மா” என்றாள்.

என்ன சாவி என்று டாக்டரம்மா கேட்க, கட்டையைப் பற்றிச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் ஒரு சீட்டை எடுத்து, இவர் அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனவள் அந்தச் சீட்டைச் சீனிவாசகத்திடம் நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். ஸ்டாம்பைப் பார்த்ததும் முகம் மாறியது. சர்க்கார் ஸ்டாம்பு எதுவாக இருந்தாலும் அவருக்கு இன்ஸ்பெக்டர் ஞாபகம் வந்துவிடும்.

“சரித்தா. நீ எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ. கேக்கக்கூட வேணாம்.” சீட்டை மடித்து மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். “ஆனா இது ஒனக்கு மட்டுந்தான். ஊர்ப்பட்ட பேருக்கும் தெறந்து விட முடியாது பாத்துக்கோ.”

ஜெயித்துவிட்டோம் என்றுதான் பொன்னுத்தங்கத்துக்கு முதல் நாள் தோன்றியது. இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோனாள். மணிக்கொருதரம் அண்ணாந்து குடித்தாள். நாளைக்கு நாலு தடவை கட்டையைத் தூக்கிக்கொண்டு பேக்கிங் ஷெட்டைத் தாண்டிப் போனாள். இவன்கள் வாய்க்குப் பயந்து கிட்னியைக் கொடுக்கவா முடியும்? தலைக்குமேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. எரிச்சல் இல்லை, வலி இல்லை, சரம் முன்னைவிட வேகமாக விழுந்தது. ஆனால் அவள் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் ரூமில் மற்ற மூன்று பேரும் பின்னுவதை ஒரு நொடி நிறுத்துகிறார்கள் என்பதை மூன்றாவது நாள் கவனித்தாள். அதற்குப் பிறகு தண்ணீர் அவளுக்குத் தொண்டையில் சரியாக இறங்கவில்லை.

ரூமில் சின்னவள் மாரிசெல்வி. கல்யாணமாகி ஐந்து மாதம். அன்றைக்கு மத்தியானம் தூக்குவாளி கழுவுகிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அக்கா, அந்த மாத்திரை மிச்சம் இருக்கா? ரெண்டு மட்டும் குடுங்க.”

எத்தனை நாளாக என்று பொன்னுத்தங்கம் கேட்டாள். ஒரு வாரமாக என்றாள். மாமியாரிடம் சொன்னதற்கு, புதுசில் அப்படித்தான் இருக்கும் என்றாளாம். சொல்லும்போது மாரிசெல்வி முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு பொன்னுத்தங்கத்துக்கு நன்றாகத் தெரியும், இருபது வருஷம் அவள் நின்ற நிற்புதான். மாத்திரை மிச்சம் இல்லை, முழுசும் போட்டாயிற்று, இருந்தாலும் உனக்குத் தரமாட்டேன், ஆளுக்கு ஆள் மாற்றிப் போடக் கூடாதாம், நாளைக்கு லீவு சொல்லிவிட்டு ஆசுபத்திரிக்குப் போ, பானுப்பிரியா என்று ஒரு பெண் இருக்கும், என் பேரைச் சொல்லு என்றாள். மாரிசெல்வி தலையாட்டினாள். பிறகு மெதுவாக, “போயிட்டு வந்த பெறகும் இங்கனதானக்கா உக்காரணும்” என்றாள். ஸ்டாம்பு குத்திய சீட்டு ஒருத்திக்குத்தான்.

சாயங்காலம்வரை அந்தப் பேச்சு அவளைக் குடைந்துகொண்டிருந்தது. முப்பத்தாறு பேரும் காய்ச்சலில் விழுந்து எழுந்து ஆளுக்கொரு சீட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டுமா? விழுந்த எல்லாரும் எழுந்துவிடுவார்களா?

மாரிசெல்வி ஆசுபத்திரிக்குப் போய் மாத்திரையோடு திரும்பி வந்தபிறகு, ஒரு சனிக்கிழமை, வேப்பமரத்தடியில் சோறு தின்கிற நேரத்தில் பொன்னுத்தங்கம் வாயைத் திறந்தாள். டப்பாவைப் பற்றி, வரக்காப்பி நிறத்தைப் பற்றி, சீழைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னாள். சோற்றுநேரப் பேச்சா இது என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்திகூடச் சோற்றில் கை வைக்காமல் கேட்டார்கள். பிறகு தன் யோசனையைச் சொன்னாள். திங்கட்கிழமை எல்லாரும் இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். எட்டு மணிக்கு ஒரு பாட்டில், ஒன்பது மணிக்கு ஒரு பாட்டில். வருகிறபோது போய்ச் சாவி கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

“ஸ்ட்ரைக்கா?” என்று வெள்ளைத்தாய் பயந்துபோய்க் கேட்டாள். மூன்றாவது ரூம்காரி.

“ஸ்ட்ரைக்கு எங்கன இருந்து வந்துச்சு? கோசம் போடப் போறமா, கொடி பிடிக்கப் போறமா? ஒண்ணுக்கு வருது, சாவி குடுங்கன்னு கேக்கப் போறோம். அதுக்குமா வேலைய விட்டு நிப்பாட்டுவாக?”

நிறுத்துவார்கள் என்றுதான் பாதிப் பேருக்குத் தோன்றியது. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை, சீசன் நெருக்கடி. கம்பெனியைப் பகைத்துக்கொண்டு எங்கே போவது? எல்லாரும் அய்யம்மாளைப் பார்த்தார்கள். இருக்கிறவர்களில் மூத்தவள், சுண்ணாம்புக்குச் சொந்தக்காரி. தன் வைத்தியத்தை இப்படிப் பட்டப்பகலில் பொய்யாக்கிவிட்டாளே என்று அவளுக்கு வருத்தம் இருக்கும் என்று பொன்னுத்தங்கமும் பயந்துதான் போயிருந்தாள். அய்யம்மாள் தூக்குவாளியை மூடி வைத்தாள்.

“எனக்கு மூத்தவ வயித்துல இருக்கப்ப இருந்து இருக்கு” என்றாள். “சுண்ணாம்பு எனக்கே கேக்கல. கேக்கும்னு சொன்னாத்தான எல்லாருக்கும் ஒரு ஆறுதல்.”

வருஷக்கணக்காக எத்தனை பேருக்கு நகத்தில் தடவிவிட்டிருக்கிறாள், ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, திங்கட்கிழமை தானும் இரண்டு பாட்டில் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை ஒன்பதேகால் மணிக்கு முதல் ஆளாக வெள்ளைத்தாய் போய்ச் சாவி வாங்கினாள். அவள் திரும்புவதற்குள் ஆபீஸ் வாசலில் மூன்று பேர் நின்றார்கள். சீனிவாசகம் ஒன்றும் நினைக்கவில்லை. ஒன்பதரைக்குப் பதினோரு பேர். பத்து மணிக்கு நீலக் கதவிலிருந்து ஆபீஸ் வாசல்வரை வரிசை நீண்டு, பேக்கிங் ஷெட்டையும் தாண்டி வளைந்து நின்றது. கட்டை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு, தொடர் ஓட்டப் பந்தயம் மாதிரி மாறிக்கொண்டிருந்தது. ஷெட்டிலிருந்த ஆம்பிளைகளுக்கு முதலில் சிரிப்பு. ஒருத்தி போனால் “கட்டை போகுது” என்று சொல்லலாம். முப்பத்தாறு பேர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு உற்றுப் பார்த்தால் என்னத்தைச் சொல்வது? குனிந்து பெட்டியை ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சீனிவாசகம் ரூம் ரூமாக ஓடிப் பார்த்தார். ஒன்பது ரூமிலும் பாதிச் சரமும் நூலும்தான் கிடந்தன, ஆள் இல்லை. திரும்பி ஓடிவந்து, போங்கத்தா, வேலையைப் பாருங்கத்தா என்று கெஞ்சினார். பார்க்கிறோம் அண்ணாச்சி, போய்விட்டு வந்து பார்க்கிறோம் என்றார்கள். அவருக்கு யாரை என்னவென்று திட்டுவதென்றே தெரியவில்லை. முதலில் வந்தவர்களுக்கு மறுபடியும் வந்துவிட்டது, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்கள்.

அப்போதுதான் முதலாளியின் கார் உள்ளே வந்தது. வடக்கே போகிற லோடு அன்றைக்குக் கிளம்ப வேண்டும், அதைப் பார்க்க வந்திருந்தார் கனகசபாபதி. இறங்கி, வரிசையைப் பார்த்தார்.

“என்ன சீனி, ரேசன் கடை தெறந்துட்டியா?”

முதலாளி முன்னால் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? சீனிவாசகம் இப்படியும் அப்படியும் கையை ஆட்டினார். வரிசையில் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒதுங்க ஆரம்பித்தார்கள். இவ்வளவு நேரம் இருந்த தைரியம் ஒரு கார்க்கதவுச் சத்தத்தில் போய்விடும் போலிருந்தது. பொன்னுத்தங்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலை போனால் இந்தச் சீசன் போச்சு, அடுத்த கம்பெனியிலும் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் மாரிசெல்வி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொன்னுத்தங்கம் ஓரெட்டு முன்னால் வந்தாள்.

“ஒண்ணுக்குப் போக நிக்கிறோம் மொதலாளி. ஒரு சாவிதான் இருக்கு.”

கனகசபாபதி அந்தச் சொல்லை ஒரு பெண் தன் முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். காதுமடல் சிவந்துவிட்டது. சீனிவாசகத்தின் பக்கம் திரும்பி, அதை எதற்குப் பூட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் வந்தால் சுத்தமாக இருக்க வேண்டுமே, அதற்காகத்தான் என்று சீனிவாசகம் மென்று விழுங்கினார்.

“இன்ஸ்பெக்டரு வருசத்துக்கு ஒருக்கத்தான் வாராரு மொதலாளி” என்றாள் பொன்னுத்தங்கம். “எங்களுக்குத் தெனமும் வருது.”

பேக்கிங் ஷெட்டுக்குள் யாரோ ஒருத்தன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு வரிசைக்குத் தொற்றி, தலையிலிருந்து வால்வரை ஓடியது. முப்பத்தாறு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த நேரத்தில், இரண்டு பாட்டில் தண்ணீர் உள்ளே இருக்கும்போது, சிரிப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். “சிரிக்க வைக்காதத்தா, சீக்கிரம் ஒரு முடிவு சொல்லச் சொல்லு” என்று அய்யம்மாள் காலைப் பின்னிக்கொண்டு நின்றாள். முதலாளியும் மீசைக்குள் சிரித்துவிட்டார்.

பூட்டைக் கழற்று என்றார். உள்ளே தாழ்ப்பாள் சரியாக இல்லை என்று வரிசையிலிருந்து ஒரு குரல். தாழ்ப்பாள் போடு என்றார். உள்ளே தண்ணீர் இருப்பதில்லை என்று இன்னொரு குரல். தொட்டி வை என்றார். கேட்டால் கிடைக்கும் போலிருக்கிறதே என்று எல்லாருக்கும் ஆச்சரியம். ஒரு கக்கூஸ் போதாது என்று வெள்ளைத்தாய் சொன்னதற்கு, தீபாவளி கழித்து இன்னும் இரண்டு கட்டுவோம் என்றார். தீபாவளி கழித்து என்பது முதலாளிமார் காலண்டரில் எந்தத் தேதி என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொன்னதைச் சொன்னதாக எல்லாரும் கேட்டு வைத்துக்கொண்டார்கள். பூட்டைக் கழற்றிய கையோடு கட்டையை அய்யம்மாள் வாங்கிக்கொண்டாள், நல்ல வேப்பங்கட்டை, ஒரு நேரம் வெந்நீர் வைக்கலாம் என்று.

அன்றைக்குச் சரம் குறைவுதான். யாரும் வருத்தப்படவில்லை. மத்தியானத்துக்குமேல் ரூமுக்கு ரூம் பாட்டில் திறக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொன்னுத்தங்கம் மூன்று மணிக்கு எழுந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், கையைக் கழுவிவிட்டு வெயிலில் நடந்துபோய், உள்ளே மத்தியானம் அடித்த புதுத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. போய்க்கொண்டே இருந்தது, எரிச்சலில்லாமல், தெளிந்த தண்ணீராக. அதற்குப்போய் ஒரு மனுஷிக்குக் கண் கலங்குமா என்று கேட்டால், அவளுக்குக் கலங்கியது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேன் கிளம்பியது. ஆனைக்குட்டம் வளைவில், சீமைக்கருவேல் அடர்ந்து நிற்கிற இடத்தில், சுந்தரபாண்டி வழக்கம்போல வேனை ஓரங்கட்டினான். பன்னிரண்டு வருஷமாக அந்த வேனை ஓட்டுகிறான். தினமும் அந்த வளைவில் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்து, எதிர்ப்பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பான். பெண்கள் இறங்கிக் காட்டுக்குள் ஓடுவார்கள், பத்து நிமிஷத்தில் முள் கீறிய காலோடு வந்து ஏறுவார்கள். ஏன் நிறுத்த வேண்டும் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. பகல் முழுக்க அடக்கியதற்கு அந்தக் கருவேலங்காடுதான் கதி.

கதவு திறந்து கிடந்தது. ரேடியோ பாடியது. சுந்தரபாண்டி எதிர்ப்பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் ஆரம்பித்துவிட்டது, வேன் ஆடவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வளைவில் பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாரிசெல்வி பொன்னுத்தங்கத்தின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.

“என்னத்தா, யாரும் எறங்கலையா?”

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். காட்டுக்குள்ளிருந்து ஒரு மயில் வெளியே வந்து, நிற்கிற வேனைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தது. பிறகு திறந்த கதவுக்கு முன்னாலேயே, ஒற்றையடிப் பாதையின் நடுவில், தோகையை இழுத்துக்கொண்டு நிதானமாக நடந்து போனது.